செட்டிநாட்டில் புதிதாகக் குடிவந்தவருக்கு: இரவுச் சத்தத்தை அடைத்துத் தூங்கும் வழி

காரைக்குடிப் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்து வாடகைக்கு வீடு பிடித்தவர்கள் முதல் மாதத்தில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது ஒன்று. இந்த ஊரில் ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி உடனே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்குச் சிரித்துக்கொண்டே, "பழகிவிடும் அப்பா" என்பார்.

பழகும் என்பது பாதி உண்மை. சீராக ஓடும் சத்தம் பழகிவிடும். மின்விசிறி, மழை, தூரத்து நெடுஞ்சாலை எல்லாம் ஒரு வாரத்தில் காதை விட்டு விலகிவிடும். திடீரென்று கிளம்பும் சத்தம் அப்படிப் பழகாது. நாய்க் குரைப்பு, வெடி, லாரி ஹாரன், "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்" ஆகியவை ஒவ்வொன்றும் மூளைக்குப் புதுச் செய்திதான். விழித்தது நினைவில் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் இதயத்துடிப்பு கூடுவதை உறக்க ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆகவே சத்தத்தின் அளவைக் குறைப்பதைப்போலவே அதன் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதும் முக்கியம். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்குமான வழிகள். வரிசையை மாற்றாதீர்கள். முதலில் தூரம், அடுத்து இடுக்கு, பிறகு மறைப்பு, கடைசியில் காது. பெரும்பாலோர் காதில் தொடங்குகிறார்கள். கடைக்காரருக்கு அதில் லாபம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்

பகல் பதினொரு மணிக்கு வீடு பார்த்தால் எல்லாத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். பிடித்த வீட்டை இரவு பத்து மணிக்கு ஒரு முறையும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு முறையும் போய்ப் பாருங்கள். உள்ளே போக வேண்டாம், தெருவில் நின்றால் போதும். கோயில், கல்யாண மண்டபம், அரிசி ஆலை, மர அறுவை ஆலை, ரயில்வே கேட் ஆகிய ஐந்தும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கவனியுங்கள். சென்னையிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை வழியாக ராமேஸ்வரம் போகும் பாதை காரைக்குடி சந்திப்பைத் தொட்டுத்தான் போகிறது. கானாடுகாத்தானுக்கு அருகே செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் உண்டு. வண்டி போகும் ஓசையில் தொல்லை குறைவு; கேட்டை நெருங்கும்போது ஊதும் ஹாரன்தான் எழுப்பிவிடும்.

தெருமுனை டீக்கடையில், "இந்தத் தெருவில் எந்த மாதம் திருவிழா?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரும் தரகரும் சொல்லாததை டீக்கடை சொல்லும்.

சத்தம் எந்த வழியாக வருகிறது

எதையும் வாங்குமுன் ஓர் இரவை இதற்கு ஒதுக்குங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு, படுக்கும் அறையின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். பிறகு ஜன்னல், கதவு, மேலே உள்ள வென்டிலேட்டர் ஒவ்வொன்றின் அருகிலும் காதைக் கொண்டுபோங்கள். சத்தம் எங்கே துல்லியமாகிறதோ அதுதான் நுழைவாயில். கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலி இருந்தால் உதவும். அந்த எண்ணைச் சட்டத்துக்குக் காட்ட முடியாது, ஆனால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகவே காட்டும்.

டெசிபல் கணக்கு நமக்குப் பழகிய கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ பாதியானதுபோல் இருக்கும். படுக்கையறைக்குள் 30 டெசிபல் அளவே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதே வழிகாட்டுதல், சற்றே திறந்த ஜன்னல் வெளிச் சத்தத்தை 15 டெசிபல் அளவுக்குக் குறைக்கும் என்று கணக்கிடுகிறது. தெருவில் 60 இருந்தால் உள்ளே 45. குறைக்க வேண்டிய மீதி 15. முழுவதையும் ஒரே வழியில் குறைக்க முயன்றால் செலவு எகிறும். மூன்று வழிகளில் ஐந்தைந்தாகக் குறைத்தால் கைக்கு அடக்கமான வேலை.

இந்தச் சோதனையின்போது, வெளியிலிருந்து வருவதாக நினைத்த சத்தம் சில வீடுகளில் உள்ளிருந்தே வருவது தெரியும். மின்விசிறி இறக்கை ஆடும் 'டக் டக்', ரெகுலேட்டர் முனகல், குளியலறைக் குழாய்ச் சொட்டு, குளிர்பதனப்பெட்டி. அவற்றை முதலில் சரிசெய்யுங்கள். எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் கொடுக்கும் கூலிபோல் பலன் தரும் செலவு இந்தக் கட்டுரையில் வேறு இல்லை.

எந்த அறையில் படுப்பது

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இதில்தான் பெரிய வாய்ப்பு இருக்கிறது. அந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, முற்றத்தோடு கூடிய வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். தலைவாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். அந்த நீளம் இரவில் நமக்குத் துணை. திறந்தவெளியில் ஓர் ஒலிபெருக்கியிலிருந்து நாம் இருக்கும் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 90 என்றால் 20 மீட்டரில் 84, 40 மீட்டரில் 78. இடையில் நிற்கும் சுவர்கள் குறைப்பது தனி. தெருவை ஒட்டிய முகப்பு அறையிலிருந்து இரண்டாங்கட்டுக்குக் கட்டிலை மாற்றுவது, பணமே செலவில்லாமல் கிடைக்கும் மிகப்பெரிய வெட்டு.

ஆனால் வளவில் படுக்காதீர்கள். கோடையில் முற்றத்தை ஒட்டிப் பாய் விரிப்பது இந்த ஊரின் பழைய சுகம். காற்றுக்கு அது ஈடில்லாத இடம்தான். காற்று வரும் அதே திறப்பில்தான் சத்தமும் இறங்குகிறது. நான்கு பக்கமும் சுவர் இருந்தும் வானம் திறந்திருப்பதால், கூரையைத் தாண்டி வளைந்து வரும் ஒலி முற்றத்தில் விழும். விழுந்தது அடங்காது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், வழவழப்பான கல்தூண் எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. ஒரு பாத்திரம் விழுந்தால் வீடே அறியும். அதனால் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்திப் படுப்பதே நல்லது. பர்மாத் தேக்குக் கதவும் கனத்த சுவரும் கிடைக்கின்றன. அந்த அறைகள் இருட்டாக இருப்பதாகப் புதிதாக வருபவர்கள் குறைபடுவார்கள். பொருள் பத்திரமாக இருக்கக் கட்டிய அறைகள் அவை. தூக்கத்துக்கும் இருட்டு நல்லதுதான்.

புது வீடு, அடுக்குமாடி என்றால் இவ்வளவு தேர்வு இருக்காது. தெருவுக்கு எதிர்ப் பக்கத்து அறையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமாடு தெருச் சுவரை ஒட்டி இருந்தால் எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். தெருச் சுவரில் புத்தகமோ துணியோ நிறைந்த பீரோவை நிறுத்துங்கள். மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தத்தைக் கீழிருந்து எதுவும் செய்ய முடியாது. நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் புஷ் நான்கை வாங்கிக்கொண்டு மாடியேறுங்கள். கையில் கொஞ்சம் சீடையோ மணகோலமோ இருந்தால் பேச்சு சுலபமாகும். விடியற்காலை ஓடும் தண்ணீர் மோட்டாருக்கும் இதே ரப்பர்தான் மருந்து. அடியில் கனத்த ரப்பர்த் தகடு வைத்து, குழாய் சுவரைத் தொடும் இடத்திலும் ரப்பர் சுற்றினால், சுவர் வழியாகப் படுக்கையறைக்கு ஏறும் அதிர்வு வெகுவாகக் குறையும்.

இடுக்குகளை அடைத்தல்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தண்ணீர் புகும் இடத்திலெல்லாம் சத்தம் புகும். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்தச் சுவர் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஏழடி உயரம், மூன்றடி அகலக் கதவின் கீழே அரை அங்குல இடைவெளி விட்டால் அது கதவுப் பரப்பில் 0.6 சதவீதம். அந்தக் கதவு யானை முட்டினாலும் அசையாத தேக்காக இருந்தாலும் சுமார் 22 டெசிபலோடு நின்றுவிடும்.

இடுக்கைக் கண்டுபிடிக்க இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நில்லுங்கள். வெளியே ஒருவரை டார்ச்சோடு நிற்கவைத்துக் கதவின் நான்கு ஓரங்களிலும் மெதுவாகக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் பென்சிலால் சின்னக் கோடு போடுங்கள். ஜன்னலுக்கு ஒரு தாளை நடுவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் தடையில்லாமல் வந்துவிட்டால் அங்கே சத்தமும் தடையில்லாமல் வருகிறது.

அடைக்க வேண்டியவை பெரும்பாலும் மூன்று இடங்கள்.

கதவுக்கு அடியில்: பழைய ஜீன்ஸ் துணியில் கதவின் அகலத்துக்கு நீண்ட பை தைத்து, சலித்த மணலை நிரப்பி, இரு முனையையும் கட்டுங்கள். பஞ்சு நிரப்பினால் பார்வைக்கு மட்டும் நன்றாக இருக்கும். ஒலிக்கு எடை வேண்டும். இரவில் கதவடியில் நெருக்கி வைத்து, காலையில் ஓரமாக நகர்த்திவிடலாம். தினமும் குனிய முடியாதவர்கள் ஹார்டுவேர் கடையில் கதவடியில் ஒட்டும் ரப்பர்ப் பட்டை வாங்கிக்கொள்ளலாம்.

நிலைக்கும் கதவுக்கும் நடுவில்: ஒட்டும் பசையோடு வரும் ரப்பர் பீடிங். ஜன்னலுக்கும் இதுவே. தூசியை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டுங்கள். இல்லையென்றால் சித்திரை வெயிலில் கழன்று தொங்கும். மிகத் தடிமனாக வாங்கினால் தாழ்ப்பாள் விழாது. பழைய வீட்டில் ஒட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நூறாண்டுத் தேக்கு நிலையில் பசைக்கறை பட்டாலும் ஆணி அடித்தாலும் உறவு முறிந்துவிடும். செட்டிநாட்டு ஜன்னல்களில் மேலுக்கும் கீழுக்கும் தனித்தனிக் கதவுகள் இருக்கும். தெருவைப் பார்த்த ஜன்னலில் கீழ்க் கதவைச் சாத்திவிட்டு மேலே திறந்து வைத்திருப்பவர்கள் பலர். காற்றுக்குச் சரி, சத்தத்துக்கு இரண்டும் திறந்ததுபோலத்தான்.

வென்டிலேட்டர்: எல்லாரும் மறந்துபோகும் இடம். கதவு, ஜன்னல் அனைத்தையும் அடைத்த பிறகும் மைக் செட் அப்படியே கேட்கிறதென்றால் மேலே பாருங்கள். தச்சரிடம் அளவு கொடுத்து முக்கால் அங்குல ஒட்டுப்பலகை வெட்டி, ஓரத்தில் பீடிங் ஒட்டி, வேண்டும்போது பொருத்தி வேண்டாதபோது எடுக்கும்படி கைப்பிடி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கதவுகளின் பெரிய சாவித்துவாரத்தையும் விட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு துணி உருண்டை போதும்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் மூச்சு எங்கே விடுவது? தெருப் பக்கத்தை அடையுங்கள்; முற்றத்துப் பக்கமோ உள்நடைப் பக்கமோ ஒரு திறப்பை விடுங்கள். காற்று இரண்டு மூலை திரும்பி வந்துசேரும். சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் மெலியும், கூர்மையான சத்தம் அதிகமாக மெலியும். முற்றிலும் அடைத்த அறையில் கொசுவர்த்திச் சுருளோ சாம்பிராணியோ புகையவிடக் கூடாது. கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் இருந்தால் அதன் புகை உள்ளே வராத இடத்தில் இருக்கட்டும். அது உயிர் போகும் விஷயம்.

வாங்க வேண்டாதவை

சுவரில் ஒட்டும் கருப்பு நுரைத் தகடு, தெர்மோகோல், முட்டைத் தட்டு. இவை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம். வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்கும் எடை இவற்றுக்கு இல்லை. சுவரில் முட்டை என்பது செட்டிநாட்டுக்குப் புதிதல்லதான். ஆனால் நம் முன்னோர் வெள்ளைக்கருவைப் பூச்சில் கலந்தார்களே தவிர அட்டையை ஒட்டவில்லை.

திரைச்சீலை பற்றியும் பெரிய நம்பிக்கை வேண்டாம். கண்டாங்கிச் சேலையை எத்தனை மடிப்பாகத் தொங்கவிட்டாலும் அழகுதான் கிடைக்கும். கனத்த ஜமுக்காளத்தைக் கதவுக்கு உட்புறம் தரையைத் தொடும்படி தொங்கவிட்டால் வளவிலிருந்து வரும் பேச்சொலியின் கூர்மை மழுங்கும், அவ்வளவே. சொந்த வீடாக இருந்து, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்து, கையில் பணமும் இருந்தால், ரப்பர் விளிம்போடு இறுக மூடும் யூபிவிசி ஜன்னலைப் பழைய ஜன்னலுக்கு உட்புறமாக இரண்டாவதாகப் பொருத்தலாம். இரண்டுக்கும் நடுவில் நான்கு அங்குலமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். இடைவெளி கூடக்கூடத் தாழ்ந்த சத்தமும் குறையும். பழைய தேக்கு ஜன்னலைப் பெயர்த்தெறிந்துவிட்டு இதைப் போடுபவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

மிச்சத்தை மறைத்தல்

அடைத்தபின்னும் கொஞ்சம் கேட்கும். அதைச் சீரான இன்னொரு சத்தத்தால் மூடுங்கள். மின்விசிறி ஏற்கெனவே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நள்ளிரவில் மின்சாரம் போனதும் விழிப்பு வருவதற்குப் புழுக்கம் மட்டும் காரணமல்ல. மின்விசிறி நின்றதும், அதுவரை மறைந்திருந்த நாயும் லாரியும் ஊருணித் தவளையும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டுவிடுகின்றன. ஆகவே படுக்கையறை மின்விசிறியை இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள், அல்லது மின்கலத்தில் ஓடும் சிறு மேசை விசிறி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நின்று சுழலும் விசிறியைச் சத்தம் வரும் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்தால் மறைப்பு கூடும். கைப்பேசியில் மழை, அருவி, வெறும் இரைச்சல் போன்றவற்றை ஓடவிடுவதும் சரிதான். பாட்டும் பேச்சும் கூடாது. மூளை அர்த்தம் தேடிக்கொண்டே இருக்கும். இடி சேர்த்த மழைப் பதிவும் வேண்டாம். விளம்பரம் குறுக்கிடாதபடி பதிவிறக்கி வைத்துக்கொண்டு, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். பக்கத்தில் படுத்திருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவு போதும். கைக்குழந்தை இருக்கும் அறையில் ஒலிக்கும் கருவி தொட்டிலிலிருந்து இரண்டு மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். குழந்தையின் காதருகே 50 டெசிபலைத் தாண்டக் கூடாது.

காதடைப்பான்

மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர் பிளக்கே பலருக்கும் போதும். உறையில் 30, 33 டெசிபல் என்று போட்டிருக்கும். அது ஆய்வகத்தில் முறையாகப் பொருத்தி அளந்த எண். வீட்டில் பலருக்கும் அதில் பாதிதான் கிடைக்கிறது, ஏனென்றால் காதின் வாசலில் செருகிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். முறை இது: கையைக் கழுவுங்கள். பிளக்கைச் சுருக்கமில்லாமல் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலின் மேல்பகுதியை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக் குழாய் அப்போதுதான் நேராகும். உள்ளே செலுத்தி, அது விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆனால் சரியாகப் பொருந்திவிட்டது. எடுக்கும்போது திருகி மெதுவாக எடுங்கள்.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு நுரை அழுத்தும். காது வாயிலில் அப்பிக்கொள்ளும் மெழுகு அல்லது சிலிக்கான் வகை அவர்களுக்கு ஏற்றது. அழுக்கான நுரையை மறுபடி போடாதீர்கள். காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எந்த வகையும் வேண்டாம். பஞ்சு வைத்துக்கொள்வது மனத்திருப்திக்குத்தான். தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு மனத்திருப்தியோடு தொற்றையும் தரலாம்.

பறை, பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் இவற்றின் அடித்தொண்டை அதிர்வை நுரை பெரிதாகத் தடுக்காது. அந்த அதிர்வில் ஒரு பகுதி உடம்பு வழியாகவும் கட்டில் வழியாகவும் வருகிறது. பக்கத்து ஜெனரேட்டர் போன்ற சீரான உறுமலுக்கு ஒலிநீக்கும் ஹெட்போன் நன்றாக வேலை செய்யும். நாய்க் குரைப்புக்கு அவ்வளவாகச் செய்யாது.

வீட்டில் கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் எல்லாரும் ஒரே இரவில் காதை அடைக்காதீர்கள். முறை வைத்துக்கொண்டு ஒருவர் அடைக்காமல் இருக்கட்டும். தனியாக இருப்பவர் கைப்பேசி அலாரத்தை அதிர்வு முறையில் தலையணைக்கு அருகில் வைக்கலாம்.

திருவிழா நாட்கள்

மேலே சொன்ன எதுவும் வீட்டு வாசலில் கட்டிய ஒலிபெருக்கிக்கு ஈடுகொடுக்காது. அதற்குப் பேச்சுதான் வழி, அதுவும் சரியான நேரத்துப் பேச்சு.

காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு மாசி, பங்குனியில் திருவிழா. பால்குடம் எடுக்கும் நாளில் ஊரே நடக்கும். நாட்டரசன்கோட்டையில் தை மாதம் செவ்வாய்ப் பொங்கல். குன்றக்குடியில் தைப்பூசமும் பங்குனி உத்திரமும். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குக் காவடியோடு பாதயாத்திரை போகிறவர்கள் சாலை நெடுகிலும் இருப்பார்கள். இவை தவிர ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் அம்மனோ பிள்ளையாரோ உண்டு. காப்புக் கட்டும் தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துவிட்டால் அடுத்து வரும் இரவுகள் எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

மைக் செட்காரர் ஏணியில் ஏறிக் குழாய் கட்டும் மாலைதான் உங்கள் வாய்ப்பு. இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போய்ச் சண்டை பிடிப்பவரின் பேச்சு எடுபடாது. பகலிலேயே போய், "அண்ணே, வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறான். இந்தக் குழாயை மட்டும் கொஞ்சம் முக்குப் பக்கம் திருப்பிவிட முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் திருப்பிவிடுவார். குழாய் ஒலிபெருக்கி நேர் எதிரே இருப்பவருக்குத்தான் முழு வலுவோடு பாயும். பக்கவாட்டில் கணிசமாகக் குறையும். வரி கேட்டு வரும் விழாக் குழுவிடம் வரியைக் கொடுக்கும்போதே இரவு எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்றும் கேட்டுவையுங்கள். புதிதாக வந்தவர் வரி கொடுப்பது வீண்செலவல்ல.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதை முதல் வாக்கியமாகப் பேசாதீர்கள். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000இன்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்துக்கான வரம்பு 45 டெசிபல், பகலில் 55. இரவு நேரத்தில் பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாடு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், 10 மணியிலிருந்து நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். அனுமதி வாங்கியே ஆக வேண்டும். 2005இல் உச்ச நீதிமன்றமும் இரவு நேரத் தடையை வலியுறுத்தியது. பேச்சு பலிக்காவிட்டால் 100 அல்லது 112ஐ அழைக்கலாம். தொடர்ந்து நடந்தால் காவல் நிலையத்தில் தேதி, நேரம் குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள். நோயாளியோ தேர்வெழுதும் மாணவரோ இருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஒரே ஒரு இரவு விடிய விடிய நாடகம் நடக்கிறதென்றால் என் யோசனை வேறு. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, இரவு ஜமுக்காளத்தை எடுத்துக்கொண்டு நாடகம் பார்க்கப் போங்கள். ராஜபார்ட் பாடும் பாட்டும் பபூன் அடிக்கும் நையாண்டியும் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டால் இரைச்சல். எதிரில் உட்கார்ந்து பார்த்தால் கலை.

மார்கழி தனிக் கணக்கு. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை விடியற்காலையில் பாட்டு வரும். உறக்கம் இயல்பாகவே மெலியும் நேரம் அது. அந்த மாதம் முழுக்கப் படுக்கும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்துங்கள். முதல் நாளே ஒன்பது மணிக்குப் படுத்தால் தூக்கம் வராது. நாளுக்குக் கால் மணி நேரமாக முன்னே கொண்டுவாருங்கள்.

நடுவில் விழித்துக்கொண்டால்

மணி பார்க்காதீர்கள். கைப்பேசியைத் தொடாதீர்கள். இருபது நிமிடம் போலப் புரண்டும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புங்கள். சத்தம் போடுபவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டு படுத்திருப்பதுதான் சத்தத்தைவிட அதிக நேரம் விழிக்கவைக்கிறது. அதிகாலையில் மயில் அகவுவதற்கு இந்த ஊரில் யாரிடமும் புகார் கொடுக்க முடியாது.

குறட்டைக்கு மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை பொருந்தாது. பக்கத்தில் படுத்திருப்பவர் மல்லாந்து படுக்கும்போது மட்டும் குறட்டை விட்டால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். குறட்டை நின்று, மூச்சும் நின்று, பிறகு திணறலோடு மீண்டும் தொடங்கினால், அல்லது பகலெல்லாம் அவருக்குத் தூக்கம் வழிந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவருக்குச் சொல்ல எளிதாக, ஓர் இரவு அந்தக் குறட்டையைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுபோனால் நல்லது.